பகலில் தூங்க வேண்டியவன்

எங்கள் தெருவில் மூன்று வழிபாட்டு இடங்கள் இருக்கின்றன. தெரு ஆரம்பிக்கிற இடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிகிற இடத்தில் ஒன்று. மூன்றும் மூன்று மதம். எங்கள் குடும்பம் இதில் எதைச் சேர்ந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த வரியிலிருந்தே என் அண்ணனை அந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அப்படிப் பார்க்கிறவர்கள் தெருவிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறார்கள்.

அண்ணன் தலைநகருக்குப் போகிற ராத்திரி பஸ்ஸில் டிரைவர். இருட்டத் தொடங்கும்போது இங்கே வண்டியை எடுத்தால் விடிந்த பிறகு அங்கே போய்ச் சேருவான். மறுநாள் ராத்திரி அங்கிருந்து கிளம்பி இங்கே வருவான். அதனால் ஒரு பகல் அந்த ஊரில் கம்பெனி ரூமில் தூக்கம், அடுத்த பகல் எங்கள் வீட்டில் தூக்கம். அவன் பகலில் தூங்கினால்தான் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியும். கணக்கு இவ்வளவுதான். இதைப் புரியவைக்கத்தான் எங்களால் முடியவில்லை.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் ஏறி உட்கார்ந்து கதவை மூடிய பிறகும் வண்டியை உடனே நகர்த்த மாட்டான். கண்ணாடியில் பின்னால் பார்ப்பான். ஒருவர் கண்ணை மூடியிருப்பார், ஒருவர் உள்ளங்கையை விரித்திருப்பார், ஒருவர் நெஞ்சில் கை வைத்திருப்பார், ஒருவர் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார். எல்லாருடைய உதடும் அசைந்து ஓயும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பிரேக்கை விடுவான்.

"அவங்க என்னை நம்பியா ஏர்றாங்க? அவங்கவங்க சாமிய நம்பி ஏர்றாங்க. அதுக்குக் கொஞ்சம் நேரம் குடுத்தா நமக்கு என்ன கொறஞ்சிடப்போகுது?" என்பான். இப்படிப்பட்டவனைத்தான் பிறகு தெருவில் சாமிக்கு விரோதி என்றார்கள்.

அண்ணனுடைய கம்பெனி டிப்போவில் சாவி வாங்குவதற்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "தூங்கியாச்சா?" என்று கேட்பார். டிரைவர் "ஆச்சு" என்றால்தான் சாவி கைமாறும். எப்போதோ நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு அது. நாளாக ஆக, வழியில் பார்க்கிறவரிடம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பது போல ஆகிவிட்டது. கேட்கிறவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை, சொல்கிறவர் யோசிப்பதில்லை.

நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அண்ணன் வீட்டில் தூங்கும் பகலில் நான் மிஷின் பக்கமே போக மாட்டேன். பட்டன் தைப்பது, கொக்கி வைப்பது, ஓரம் மடித்து அடிப்பது என்று கைவேலையாக ஒதுக்கி வைத்துக்கொள்வேன். குக்கர் விசில் அடிக்கும் என்று அதைப் பரணில் ஏற்றியாயிற்று. காலிங்பெல் வயரைப் பிடுங்கியாயிற்று. வீட்டுக்குள் நாங்கள் பூனை மாதிரி நடப்போம். வெளியே மூன்று கூம்புகளும் தொண்டை கிழியக் கத்தும்.

கூம்பு என்று நான் சொல்வது ஒலிபெருக்கியை. முதலில் ஒரே இடத்தில்தான் அது இருந்தது. எந்த இடம் என்று கேட்டால் மூன்று பேரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். ஒருவர் காலையில் போட்டார் என்று இன்னொருவர் காலையிலும் மத்தியானமும் போட்டார். மூன்றாமவர் நாங்கள் மட்டும் இளைத்தவர்களா என்று பிரசங்கத்தைப் பதிவு செய்து பகல் முழுக்க ஓடவிட்டார். அப்புறம் மூன்று இடத்திலும் பதிவு ஓட ஆரம்பித்தது. உள்ளே ஒரு ஆள் இருக்காது. விசிறி சுற்றும், கூம்பு பேசும்.

மூன்று இடத்துக்கும் மைக் செட் போடுகிறவர் ஒரே ஆள். "ஹலோ, ஹலோ" என்று சோதித்துச் சோதித்து அவர் பெயரே ஹலோ ஆகிவிட்டது. அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏங்க, நீங்களாவது கொஞ்சம் கொறச்சு வைக்கக் கூடாதா?"

"நான் கொறச்சுட்டு அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள அவங்க ஏத்திடுவாங்கம்மா. சாமிக்குக் காது கேக்கலன்னு எவரும் ஏத்தல. பக்கத்துக் கமிட்டிக்குக் கேக்கணும்னு ஏத்துறாங்க. இதுல நான் யாருக்குன்னு புத்தி சொல்றது? எனக்கு மூணு வாசலும் வேணும்."

அண்ணன் காதில் பஞ்சை அடைத்துப் பார்த்தான். அண்ணி மருந்துக்கடையிலிருந்து மெழுகு கொண்டுவந்தாள். யாரோ சொன்னார்கள் என்று முட்டை அட்டைகளை வாங்கி அறைச் சுவர் முழுக்க ஒட்டினோம். அறை கோழிப்பண்ணை மாதிரி ஆனதுதான் மிச்சம். கடைசியில் கட்டிலைக் குளியலறைக்குப் போகும் வழியில் போட்டோம். ஆறடி ஆள் காலை மடக்கிக்கொண்டு அந்த இடுக்கில் படுத்திருப்பான்.

அப்புறம் ஒரு நாள் விடிகிற நேரத்தில், தலைநகர் எட்டிவிட்ட தெம்பில், ஒரு வளைவில் அவனுக்குக் கண் செருகிவிட்டது. முன் சக்கரம் சாலையை விட்டிறங்கிச் சரளையில் போன சத்தத்தில்தான் விழித்தான். ஒடித்துத் திருப்பிவிட்டான். பஸ்ஸில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒரு குழந்தை மட்டும் புரண்டு படுத்ததாம். மறுநாள் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னான், அண்ணியிடம் சொல்லவில்லை.

"அந்தக் குழந்த புரண்டு படுத்துச்சு பாரு, அத நெனச்சாதான் எனக்கு..." என்றவன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தான்.

அன்றைக்கே நானும் அவனும் மூன்று கமிட்டித் தலைவர்களையும் பார்க்கக் கிளம்பினோம். முதல் இடத்துக்குத் தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. நடு இடத்துக்கு ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். கடைசி இடத்துக்கு மரக்கடைக்காரர். மூன்று பேரும் நல்ல மனிதர்கள்தான். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பவர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

ஜவுளிக்கடை முதலாளி உட்காரச் சொன்னார், குடிக்கக் கொடுத்தார், முழுக்கக் கேட்டார்.

"நியாயம்தான் தம்பி. நாங்க தாராளமா கொறைக்கிறோம். முதல்ல அவங்க ரெண்டு பேரும் கொறைக்கட்டும்."

ஹெட்மாஸ்டர், "சத்தம்னு சொல்லாதீங்க, அது எங்க வழிபாடு. அந்தச் சொல்லே மனச நோகடிக்குது. சரி, அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

மரக்கடைக்காரர், "எங்களோடது உங்க வீட்டுக்குப் பாதி தூரம்கூட வராதே தம்பி, காத்து இந்தப் பக்கம் அடிக்கிறதால அப்படித் தெரியுது" என்று காற்றின் மேல் பழியைப் போட்டார்.

இந்த மூன்று பேரில் ஒருவர் எங்கள் ஆள். அவர் மட்டும் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "நம்ம வீட்டுப் புள்ளயே வந்து கேட்டா மத்தவங்க என்ன நெனப்பாங்க? அவங்களுக்கு எளக்காரமா போயிடும் தம்பி" என்றார். அந்தத் "தம்பி"யில் இருந்த கரிசனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அண்ணி போலீஸில் சொல்லலாம் என்றாள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மூணையும் சேத்து எழுதிக் குடுத்தாலும் முதல்ல எந்த வாசல்ல போலீஸ் போய் நிக்குதோ, அவங்க மேலதான் நாம சொன்னதா ஆகும். அப்புறம் என் பேரச் சொல்லி எவனாவது கல்லத் தூக்குவான். நான் கேட்டது ரெண்டு மணி நேரம் தூக்கம். எனக்கு ஊர்க்கலவரம் வேணாம்."

இதற்கு நடுவில்தான் தலைநகரில் மத நல்லிணக்கக் கூட்டம் ஒன்று நடக்கப்போவதாகவும், மூன்று மதமும் ஒற்றுமையாக வாழும் தெரு என்று எங்கள் தெருவைத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும் செய்தி வந்தது. மூன்று தலைவர்களும் ஒன்றாக மேடையேறிப் பேச வேண்டுமாம். தலைநகருக்கு ராத்திரி பஸ் ஒன்றுதான். அண்ணன் ஓட்டுகிற பஸ்.

அவர்கள் கிளம்புகிற அன்று காலையிலிருந்தே மூன்று இடத்திலும் வழியனுப்பு வழிபாடு. பதிவு இல்லை, நேரடியாக. ஒன்று ஓய்ந்தால் இன்னொன்று, சில நேரம் மூன்றும் ஒன்றாக. அண்ணன் கட்டிலில் படுத்தான், தரையில் படுத்தான், கடைசியில் எழுந்து முட்டை அட்டையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனதால் நான் எடுத்துக்கொண்டு டிப்போவுக்கு ஓடினேன். அதனால்தான் மற்றதை என் கண்ணால் பார்த்தேன்.

சாவிக்காரர் குனிந்தபடியே, "தூங்கியாச்சா?" என்று கேட்டுச் சாவியை நீட்டினார்.

"இல்ல," என்றான் அண்ணன்.

அவர் சாவியை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

"தூங்கலண்ணே. இன்னிக்கு நான் ஓட்ட மாட்டேன்."

"அட, ஆச்சுன்னு சொல்லுய்யா. ஜனம் ஏறி உக்காந்திருக்கு."

"அதனாலதான் சொல்றேன்."

மேனேஜர் வந்தார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று தலைவர்களும் சால்வை மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்கள். நாளைக் காலையில் மேடை ஏற வேண்டியவர்கள். அவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

"பொறுப்பான வேலையில இருக்கிறவன் பகல்ல தூங்காம என்ன பண்ணிட்டிருந்தே?" என்று ஜவுளிக்கடை முதலாளி கேட்டார். விளையாட்டுக்கு அல்ல, மெய்யாகவே கேட்டார்.

அண்ணன் அவர்கள் மூன்று பேரையும் பார்த்தான். "உங்க தெருவுலதான முதலாளி என் வீடு? காலையிலேருந்து மைக் ஓடுச்சு. எப்படித் தூங்குவேன்?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போதாவது உறைத்துவிட்டது என்று நினைத்தேன். ஹெட்மாஸ்டர் ஒரு அடி முன்னால் வந்தார்.

"யாரோடது? அத மட்டும் சொல்லு தம்பி."

மற்ற இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மூணும்தான் சார்."

மூன்று பேர் முகமும் ஒரே மாதிரி சுருங்கியது. மரக்கடைக்காரர், "எல்லாரையும் சேத்துச் சொன்னா யார் மேலயும் தப்பு இல்லன்னுதான அர்த்தம்?" என்றார். மற்ற இருவரும் அதற்குத் தலையாட்டினார்கள். அவர்கள் மூவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேறு டிரைவரைத் தேடிப் பிடித்து வண்டியை அனுப்புவதற்குள் மேனேஜருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லல. ஆனா தினம் இப்படிச் சொன்னா கம்பெனி நடத்த முடியாது. அடுத்த டூட்டிக்குத் தூங்கிட்டு வா. இல்லன்னா வண்டி கழுவுற எடத்துக்குப் போயிடு. இன்னும் ஒரு தரம்தான் பாப்பேன்."

அடுத்த டூட்டி வந்த பகல். மைக்கைக் குறை சொன்னவன் சாமிக்கு விரோதி என்று அதற்குள் தெருவில் பேச்சு பரவியிருந்தது. அதற்குள் மூன்று தலைவர்களும் ஊர் திரும்பியிருந்தார்கள். கூட்டம் பிரமாதமாம். மூன்று பேர் பேச்சுக்கும் நல்ல கைதட்டலாம். ஆச்சரியமாக, அன்றைக்குக் காலையில் மூன்று கூம்பும் ஊமையாக இருந்தன. பயணக் களைப்போ, மனசு மாறியதோ தெரியவில்லை. அண்ணன் அந்த இடுக்குக் கட்டிலை விட்டு அறைக்கே வந்து படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. அண்ணியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணி சத்தம் வராமல் அழுதாள். நான் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டு, அந்தக் குறட்டையைப் பாட்டுக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் நடு இடத்துக் கூம்பு கரகரத்தது. ஹெட்மாஸ்டரின் குரல். வகுப்பில் பேசுவது போல நிறுத்தி நிதானமாகப் பேசினார்.

"நமது தெருவைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் உறக்கமின்றி அவதிப்படுகிறார். அவருக்கு நல்ல உறக்கம் கிட்ட வேண்டும் என்று இப்போது சிறப்புப் பிரார்த்தனை நடைபெறுகிறது. அனைவரும் கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தான்.

"என்னையா சொல்றாங்க?"

"ஆமா. நீ நல்லா தூங்கணும்னு வேண்டிக்கிறாங்க," என்றேன்.

அவர்கள் பிரார்த்தனையை முடிக்கக்கூட இல்லை, அதற்குள் தெரு முனையிலிருந்து ஜவுளிக்கடை முதலாளியின் கூம்பு ஆரம்பித்தது. அதே ஓட்டுநருக்காக, அதே உறக்கத்துக்காக. அப்புறம் மரக்கடைக்காரர். அவர் மட்டும் விட்டுவிடுவாரா? மூன்று பக்கமிருந்தும் என் அண்ணனின் தூக்கத்துக்காக அப்படி உருகி உருகி வேண்டினார்கள். அதில் பொய் இல்லை. கடைசி இடத்தில் ஒரு பெண் குரல் தழுதழுத்தது கூடக் கேட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிரிக்கச் சிரிக்க அழுகையாகிவிட்டது.

அண்ணன் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. எழுந்து முகம் கழுவினான். யூனிபார்மைத் தொடாமல் சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு டிப்போவுக்குப் போய், வண்டி கழுவுகிற இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். இப்போது பகலில் வேலை, ராத்திரியில் தூக்கம். தெருவில் அவனைப் பார்க்கிறவர்கள், பிரார்த்தனை பலித்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்கிறார்கள்.

அவன் ஓட்டிய பஸ்ஸை இப்போது இன்னொருவர் ஓட்டுகிறார். கலகலப்பான மனிதர், எங்கள் வீட்டுக்குக்கூட ஒரு தரம் வந்திருக்கிறார். அவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், பகலில் அங்கே எப்படி என்று அண்ணன் இதுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது என்கிறான்.