மறைத்து வைத்த லென்ஸ்

என் கண்ணின் பவர் மைனஸ் எட்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம், அம்மா என்னைக் காங்கேயத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போய் காண்டாக்ட் லென்ஸ் வாங்கித் தந்தாள். "கல்யாணம் முடியட்டும் கண்ணு, அப்பறமா நீயே பக்குவமாச் சொல்லிக்க" என்றாள்.

கல்யாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. முதலில், தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று பயம். பிறகு, இத்தனை நாள் மறைத்ததை எப்படிச் சொல்வது என்று பயம். அப்படியே இரண்டு வருடம் போய்விட்டது.

மண்ணரை என்ற ஊரில் இரண்டு அறை உள்ள வீடு. கணவர், அவருடைய அம்மாவான அத்தை, நான். லென்ஸ் கழுவும் சொல்யூஷன் பாட்டில் கண்ணில் பட்டால் கேட்பார்கள் என்று, அதை நான் வேலை பார்க்கும் கம்பெனி லாக்கரிலேயே வைத்துவிட்டேன். வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் அலசி உடனே போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் கழற்றாமலே தூங்கினேன். தண்ணீர் படக் கூடாது, தூங்கும்போது போடக் கூடாது என்று கடையில் தெளிவாகத்தான் சொன்னார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு. தைத்து வந்த துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருநாள் டியூப்லைட் வெளிச்சத்தில் இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பஞ்சுத் தூசி விழுந்திருக்கும் என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிக் கண்ணில் விட்டேன். நான்கு நாளில் வலி நெற்றி வரை ஏறியது.

அத்தைதான் என் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். "கருவிழியில வெள்ளையா என்னமோ இருக்குது கண்ணு. இது சும்மா விடற சமாச்சாரமில்ல. கெளம்பு."

ஆஸ்பத்திரியில் கணவரும் அத்தையும் என் பின்னால் நின்றார்கள். டாக்டர் கேட்டார்.

"லென்ஸ் போடுவீங்களா?"

"ஆமாங்க."

"தண்ணியில கழுவுனீங்களா?"

"ஆமாங்க."

"போட்டுக்கிட்டே தூங்குவீங்களா?"

அதற்கும் ஆமாம் என்றேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

தண்ணீரில் வாழும் ஒரு கிருமி கருவிழிக்குள் போய்விட்டது என்றார் டாக்டர். மணிக்கு ஒருமுறை மருந்து விடச் சொன்னார். கணவர் லீவு போட்டார். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, கையைத் துடைத்துவிட்டு வந்து ஒரு சொட்டு விடுவார், எழுந்து போய்விடுவார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்தாம் நாள் நானே கேட்டேன். "ஏனுங்க, பவரை மறைச்சுட்டேன்னு கோவமா?"

மருந்துப் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார். "பவரு எட்டா இருந்தா என்ன, பத்தா இருந்தா என்ன. ரெண்டு வருசமா பக்கத்துலயே இருந்துட்டு, என்னையப் பாத்துப் பயந்துட்டே இருந்திருக்கறே. அத நெனச்சாத்தான் மனசு கேக்க மாட்டேங்குது."

அன்றுதான் நான் அழுதேன்.

செய்தி கேட்டு வந்த அம்மா வீட்டுக்குள் வரத் தயங்கி வாசலிலேயே நின்றாள். எல்லாம் தன்னால்தான் என்றாள். அத்தை அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தார். அம்மா சொன்னது கல்யாணம் முடியும்வரைக்கும்தான். அதற்குப் பிறகு மறைத்ததெல்லாம் நான்.

கிருமி போக ஏழு மாதம் ஆனது. தழும்பு தங்கிவிட்டது. இடது கண்ணுக்கு எல்லாமே ஆவி படிந்த கண்ணாடி வழியே தெரிவது போலத்தான். பின்னால் கருவிழி மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். செக்கிங் மேசைக்கு நான் திரும்பவில்லை; பனியனை மடித்துக் கவரில் போடும் பிரிவுக்கு மாற்றினார்கள். தடித்த கண்ணாடியோடு முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது, கணவர் பைக்கை நிறுத்திவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "ஏறு, நேரமாச்சு" என்றார்.