ஒன் டன் வண்டிக்கு ஒரு மூடி

எங்கள் வீட்டு வாசலில் ஆறு வருஷமாக ஒரு மிலிட்டரி லாரி நின்றது. ஓடியது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

வாங்கியவர் என் வீட்டுக்காரர் பால்சாமி. விருத்தாசலத்திலிருந்து ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷமாக டிரைவர். அந்த பஸ்ஸைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டார். கேட்டால், "அது பொழப்பு" என்பார். லாரியைப் பற்றிக் கேட்டால் சோறு ஆறிப்போகும். நாலு சக்கரமும் இழுக்கும், சேற்றிலும் மணலிலும் ஏறும், பட்டாளத்தில் இதற்கு ஒன் டன் என்று பேர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எனக்கே மனப்பாடம்.

பதினெட்டு வயதில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறார். மூன்று தடவையும் மார்பை விரிக்கச் சொல்லி டேப்பு வைத்துப் பார்த்துவிட்டு, போதாது என்று அனுப்பிவிட்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. அவர் தங்கை பெரியநாயகி ஒரு கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவும்போது சொன்னாள்.

வண்டி திட்டக்குடிப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையில் கிடந்தது. ராணுவ ஏலத்தில் யாரோ கரும்பு ஏற்ற எடுத்து, பெட்ரோல் போட்டு மாளாமல் விட்டுவிட்டார்கள். டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்திருந்தது. டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். தெருவே வெளியே வந்து பார்த்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ரெண்டே மாசம், அன்னாள். ஓட்டிக் காட்டறேன் பாரு" என்றார்.

எனக்கு அந்த வாசல் வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு செராமிக் ஷெட்டுக்குப் போனவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை வீட்டுக்கே எடுத்து வந்துவிட்டேன். மண் கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து, விளிம்பு தேய்த்து, பலகையில் அடுக்கிக் காயவைத்து, ஷெட்டுச் சூளைக்குக் கொடுப்பேன். பொம்மையும் அகல் விளக்கும்தான் அதிகம். எங்கள் வீட்டில் நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் வாசல் ஒன்றுதான். அங்கே லாரி. நான் பின்பக்கம் கக்கூஸ் சுவரோரம் பலகையைச் சாத்தி, ஒரு நாளில் காய வேண்டியதை நாலு நாள் காயவைத்தேன்.

வாசலோடு போயிருந்தாலும் பரவாயில்லை. என் இட்லித் தட்டு போனது. குழிக்கு ஒரு அளவாக நட்டும் போல்ட்டும் போட்டு வைத்தார். "அளவுவாரியா பிரிச்சு வைக்க இத வுட நல்ல பாத்திரம் ஏது?" என்றார். என் உள்பாவாடை கிரீஸ் துடைக்கப் போனது. பட்டாளத்துப் பச்சையைத் தனியாள் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, மூன்று மாதம் வேறு பச்சை தேடினார். வேப்பிலையை அரைத்துக்கூடப் பெயிண்டுக் கடையில் காட்டினார். கடைசியில் எங்கள் ஷெட்டு மண்ணின் நிறத்தையே அடித்தார். அதை முதல் நாளே நான் சொல்லியிருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அந்த இன்ஜின் பத்து நிமிஷம் ஓடிவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பம். மறுநாள் பூசை முடிந்து கோயிலுக்கு எதிர் டீக்கடையில் நின்று, அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "வர்ற தை மாசம் கோணான்குப்பம் தேருக்கு மாதாவைப் பார்க்க நாங்க ஒன் டன்லதான் போறோம். அன்னைக்கு ஓடலன்னா, மறுநாள் பக்கிரி வந்து அறுத்து எடுத்துக்கட்டும்."

பக்கிரி அங்கேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். பழைய இரும்பு எடுக்கிறவர். ஆறு வருஷமாக எங்கள் லாரியை ஜவுளிக்கடையில் சேலை பார்க்கிற மாதிரி பார்த்து வருகிறவர். கிளாஸைக் கீழே வைத்தார். "மாதா பேர சொல்லிட்டீங்க டிரைவரே. அப்புறம் மாறக் கூடாதுங்க."

"மாறமாட்டேன்."

எங்கள் மகள் ஜெசி என் கையைக் கிள்ளினாள். "அம்மா, ஏதாவது சொல்லும்மா." இத்தனை ஆம்பிளைகள் நடுவில் நான் என்ன சொல்வேன்? தரையைப் பார்த்தேன்.

நாலாம் நாள் மூடி உடைந்தது. இன்ஜினில் கரண்டை ஆறு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற சாமான் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்த மாதிரி கறுப்பு மூடி. தலையில் ஆறு ஓட்டை, நடுவில் ஒன்று. "இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டும்" என்று கிளிப்பை அழுத்தினார். இரண்டாகப் போனது. எதையும் இன்னும் கொஞ்சம் இறுக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. தண்ணீர்க் குழாய் மூன்று உடைத்திருக்கிறார்.

சென்னையில் கேட்டார், கோயம்புத்தூரில் கேட்டார், போனிலேயே இந்தியா முழுக்கக் கேட்டார். எங்கேயும் இல்லை. ஒரு மத்தியானம் சாப்பிடும்போது சுவரில் இருந்த, எங்கள் ஷெட்டில் செய்த பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பார்த்தபடியே கையைக் கழுவாமல் எழுந்தார். "கரண்டு தாங்குற சாமானு நம்ம ஊருல குப்பைல கெடக்குது. நான் ஊரெல்லாம் போன் போடறேன்!"

யோசனை தப்பில்லை. உடைந்த மூடியை ஒட்டி, அதையே வைத்து பிளாஸ்டரில் அச்சு எடுத்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தேன்.

"ஏங்க, அது சுருங்கும்" என்றேன்.

"சுருங்குறதுக்கு அது என்னா துணியா? கல்லு மாதிரி ஆவப்போவுது. நீ புடை."

புடைத்தேன். சூளையில் வேகும்போது மண் சுருங்கும். பத்து அங்குலம் போட்டால் ஒன்பதாக வரும். எங்கள் ஷெட்டில் தரை பெருக்குகிறவளுக்கும் இது தெரியும். பஸ் ஓட்டுகிறவருக்குத் தெரியவில்லை. நான் ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. கேட்டால் கூச்சம் என்று நினைப்பார்கள். கூச்சம் இல்லை. எனக்கு வாசல் வேண்டும்.

மூடி வெந்து வந்தது. சூளை முதலாளி ஆதிநாராயணன் அதைச் சுண்டு விரலில் மாட்டிக்கொண்டு வந்து கொடுத்தார். "என்னா டிரைவரே, வண்டிக்கு மூடியா, வண்டி பொம்மைக்கு மூடியா?" லாரியில் வைத்துப் பார்த்தார்கள். பெரிய மனுஷன் தலையில் பிள்ளைக் குல்லா வைத்த மாதிரி நின்றது.

அப்போதாவது என்னைக் கேட்டிருக்கலாம். "சூடு ஜாஸ்தி. அதான்" என்று முடிவு கட்டிவிட்டார். அதே அச்சில் இன்னொன்று ஊற்றி, பாதிச் சூட்டில் எடுக்கச் சொன்னார். அளவு ஏறக்குறைய வந்தது. ஆனால் அரை வேக்காட்டு மண் தண்ணீர் குடிக்கும். கையில் எடுத்தால் மாவு உதிர்ந்தது. பக்கிரி வாங்கிப் பார்த்தார். "டீல தொட்டுத் தின்னலாம் டிரைவரே. நல்லா வெந்த ரஸ்க்கு."

அதற்குள் பொங்கல் வந்து ஷெட்டு நாலு நாள் மூடிவிட்டது. மாட்டுப் பொங்கலன்று பக்கிரி சாக்பீஸோடு வந்தார். எங்கெங்கே கேஸ் கட்டர் வைப்பது என்று லாரியின் மேல் கோடு போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நம்பரும் எழுதினார். "தப்பா நினைக்காதீங்க. ஆளுங்கள முன்கூட்டியே சொல்லி வைக்கணும் பாருங்க."

என் வீட்டுக்காரர் அந்த வண்டியில் காக்கா எச்சம் விழுந்தால் சட்டையைக் கழற்றித் துடைக்கிற மனுஷன். சாக்பீஸ் கோடு அப்படியே இருந்தது. டியூட்டி முடிந்து வந்ததும் லாரியில் ஏறி உட்காருவார். ஓடாத வண்டியில் கியர் மாற்றுவார். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் எந்த எந்த வளைவில் மாற்றுவாரோ அதே மாதிரி. நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். எரிச்சலாக வந்தது. கத்தினாலாவது பரவாயில்லை, துடைத்தாலாவது பரவாயில்லை. இப்படிச் சும்மா உட்கார்ந்தால் நான் எப்படி நிம்மதியாக வாசலுக்கு ஆசைப்படுவது?

ஷெட்டு திறந்த அன்று, உடைந்த மூடியை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். அங்கே மாதிரி செய்கிற கமலம் என்னோடு சின்ன வயதில் சேர்ந்தவள். அவளிடம் ஒரு குச்சி இருக்கிறது. அதில் போட்ட அங்குலம், கடையில் வாங்குகிற ஸ்கேலின் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளம். வேகும்போது எவ்வளவு குறையுமோ அவ்வளவு கூட்டிப் போட்ட கோடு. வெளி ஆள் பார்த்தால் தப்பான ஸ்கேல் என்று தூக்கிப் போடுவான். எங்கள் ஷெட்டில் எல்லா மாதிரியும் அந்தக் குச்சியில்தான்.

"ஏன்டி, அந்த லாரி ஒழியணும்னு மாதாவுக்கு மெழுகுவத்தி வச்சவ நீதானே?" என்றாள் கமலம்.

"குச்சிய குடுடி."

இரண்டு நாள், கமலம் சாப்பிடப் போகிற நேரத்தில் எல்லாம் அவள் இடத்தில் உட்கார்ந்து பெரிய மூடி ஒன்று பிடித்தேன். ஓட்டைக்கு ஓட்டை குச்சியில் அளந்தேன். அச்சு எடுத்து மூன்று ஊற்றினேன். ஒன்று கோணும், ஒன்று வெடிக்கும், ஒன்று தேறும் என்பது ஷெட்டுக் கணக்கு. அவசரத்துக்கு அடுப்போரம் வைத்து உலர்த்தினேன். ஆதிநாராயணன் கேள்வி கேட்காமல் ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவே வைத்தார். ஒன்று கோணியது. ஒன்று வெடித்தது.

தேருக்கு முந்தின நாள் காலையில் மூன்றாவதைக் கொண்டுபோய் லாரி மட்கார்டில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவர் எடுத்துப் பார்த்தார். வைத்துப் பார்த்தார். உட்கார்ந்தது. பழைய மூடியின் பித்தளை முனைகளைப் பிடுங்கி ஓட்டையில் வைத்துப் பசை போட்டு ஒட்டினார். ஜெசிதான் கூடவே நின்று, "அப்பா போதும், இறுக்காத, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடிந்ததும் சாவியைத் திருப்பினார். தும்மியது. இரண்டாம் தரம் தும்மியது. மூன்றாம் தரம் தெருவே புகையாகி இன்ஜின் பிடித்துக்கொண்டது.

சாக்பீஸோடு வாசலில் நின்ற பக்கிரியைப் பார்த்துக் கத்தினார்: "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? செராமிக்கு தாங்கும்னு!"

நான் கதவுக்குப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டேன்.

"அம்மா, ஏறும்மா, தேருக்குப் போலாம்" என்றாள் ஜெசி.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேலை இருக்குது."

ஜெசியோடு பெரியநாயகியும் அவள் பிள்ளைகளும் பின்னால் ஏறிக்கொள்ள, மேலே ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நம்பர் போட்டபடியே அந்த வண்டி தெரு முனை திரும்பியது. வாசலைப் பார்த்தேன். லாரி நின்ற இடம் நீளமாக வெளுத்துக் கிடந்தது. என் கரண்டி இரண்டு, இட்லித் தட்டில் ஒன்று, ஜெசியின் பள்ளிக்கூடத்து ரிப்பன், எல்லாம் அங்கே இருந்தன. பொறுக்கிவிட்டுப் பெருக்கினேன். பின்பக்கத்துப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வாசல் முழுக்கப் பரப்பினேன். வெயில் நன்றாக இருந்தது.

சாயங்காலம் ஹாரன் கேட்டது.

"பலகைய எடு அன்னாள். வண்டிய உள்ள வுடணும்."

"எடுக்கமாட்டேன்" என்றேன். தெருவில் நாலு பேர் நின்றார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஆறு வருஷம் அது நின்னுது. இனிமே இது நிக்கட்டும். ஓடுற வண்டிதானே, எங்கயாவது கொண்டுபோயி நிறுத்துங்க."

"ரோட்டுலயா? பஸ்ஸு வந்து இடிச்சுடும்!"

"நீங்கதான் பஸ்ஸு டிரைவரு. சொல்லி வைங்க."

திட்டத்தான் இறங்கி வந்தார். வாய் திறந்தவர் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். அகல் விளக்கு வரிசைக்கு நடுவில் நாலு மூடி காய்ந்துகொண்டிருந்தன. அவர் கை எனக்குத் தெரியும். எப்படியும் இறுக்குவார், எப்படியும் உடையும்.

குனிந்து ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"இது கொஞ்சம் பெருசா இருக்குதே, அன்னாள்?" என்றார்.

அதை அவர் கையிலிருந்து வாங்கி, வெயில் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.