சிவப்புச் சுருள் கயிறு

மூன்று குளிர்காலங்களுக்கு முன்பு, ஜெர்மனியின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லைக்குக் கிட்டத்தில் இருக்கும் ஒரு மலைப்பண்ணையில் நடந்தது இது. பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. அன்று காலையில் என்னைப் பெரிய இன்ஜின் மேதை என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். சாயங்காலம் திரும்பும்போது ஸ்டியரிங்கைத் தொடவே எனக்குத் துணிவில்லை. மனைவிதான் காரை ஓட்டிவந்தாள்.

நான் மதுரைக்காரன். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் மென்பொருள் வேலை. வாய் கொஞ்சம் நீளம், வீம்பு அதைவிட நீளம். கல்லூரி நாளிலேயே பைக் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரைக் கூட்டியவன். ஆபீஸ் நண்பர்களோடு ஸ்வீடனுக்குப் போன இடத்தில் முதன்முதலாக ஸ்னோமொபைல் ஓட்டினேன். பனியில் ஓடும் பைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ராணுவ டாங்கிக்கு இருப்பது மாதிரி ஒரு ரப்பர் பட்டை. அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. ஜெர்மனிக்குத் திரும்பி, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ வைத்த பழைய வண்டி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டுத்தான் அடங்கினேன்.

மனைவி சும்மா சம்மதிக்கவில்லை. "ஊரெல்லாம் கார் வாங்குது, நீங்க பனியில உழுற டிராக்டர் வாங்குறீங்களாக்கும்" என்று கேலி செய்தாள். உள்ளுக்குள் அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைப் போக்க, வாங்குவதற்கு முன்பே அவளை நிற்கவைத்துச் செய்தே காட்டினேன். ஆக்சிலேட்டர் லீவரிலிருந்து விரலை எடுத்த பிறகும் இன்ஜினுக்குக் காற்று போகும் கதவு திறந்தே கிடந்தால், எங்கேயோ சிக்கிக்கொண்டது என்று வண்டியே புரிந்துகொண்டு இன்ஜினை நிறுத்திவிடும். "பாரு, என்ன ஆனாலும் தானா நின்னுடும்" என்றேன். அதற்குப் பிறகுதான் தலையை ஆட்டினாள்.

இங்கே ஸ்னோமொபைலைக் காட்டுப்பாதையில் இஷ்டத்துக்கு ஓட்டிவிட முடியாது. அந்தப் பண்ணைக்காரர் தன் சொந்த நிலத்தில், முறைப்படி அனுமதி வாங்கி, வேலி போட்டு, ஏற்ற இறக்கமும் வளைவுமாக ஒரு பாதை வைத்திருந்தார். முன்கூட்டியே 'டெர்மின்', அதாவது நாளும் நேரமும், வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். அவர் ஒரே ஒரு விதியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். வண்டியின் சுவிட்சோடு ஒரு சிவப்புச் சுருள் கயிறு இருக்கும். அதன் மறுமுனையை ஓட்டுபவர் தன் உடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு, சுவிட்சின் மூடி பிடுங்கிக்கொண்டு, இன்ஜின் அணைந்துவிடும்.

வண்டிக்கு வேகம் ஏற்றுகிற வேலையில் எனக்குக் கூட்டாளி ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். ஹம் நகரத்தில் கோயில் திருவிழா அன்னதான வரிசையில் பழக்கமானவள். வண்டி ரிப்பேருக்கான மூன்றரை வருட 'ஆவுஸ்பில்டுங்' என்ற தொழிற்பயிற்சியை முடித்து ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், இன்ஜின் விஷயத்தில் என்னைப்போல் பத்துப் பேருக்குச் சமம். கிளட்சுக்கு வேறு ஸ்பிரிங், வேறு எடைக்கட்டிகள், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிரவைக்கப் பெரிய ரேடியேட்டர், அகலமான புகைக்குழாய் என்று எல்லாம் அவள் கைவேலை. லேப்டாப்பை வண்டியில் செருகி, டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கவேண்டும், எவ்வளவு பெட்ரோல் பீய்ச்சவேண்டும் என்று மாற்றி எழுதுவது என் பங்கு.

அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய நவம்பரில், புதுப் பாகங்களைப் பொருத்திய பிறகு ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. மனைவிக்குச் செய்துகாட்டினேனே, அந்தப் பாதுகாப்பு, ஒன்றுமே சிக்காதபோதும் சிக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்த ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் ஓடும், அணையும். மறுபடி ஓடும், மறுபடி அணையும். எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. ஆபீசில் ரிலீஸ் நேரத்தில் ஒரு சோதனை சும்மா சும்மா எரர் காட்டினால் நாங்கள் என்ன செய்வோம்? அந்த வரியை அணைத்துவைத்துவிட்டு, 'தற்காலிகம்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அதையேதான் செய்தேன். லேப்டாப்பைச் செருகி, வண்டியின் அந்தப் பாதுகாப்புச் சோதனையை அணைத்தேன். வண்டி ஜோராக ஓடியது. கூட்டாளியிடமும் சொல்லவில்லை, மனைவியிடமும் சொல்லவில்லை. சத்தியமாக மறைக்க நினைக்கவில்லை. அது சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நல்ல குளிர், காற்று கனமாக இருந்தது. அந்தக் காற்றில் டர்போ இன்னும் வெறியாகும். சிவப்புக் கயிற்றை வழக்கம்போல் கைப்பிடியிலேயே சுற்றி மாட்டினேன். ஆரம்பத்தில் ஒரு நாள் அதை உடுப்பில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்று வளைத்தபோது கயிறு இரண்டு முறை இழுபட்டு இன்ஜின் அணைந்து, நாலு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. மதுரையில் ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டியவன்தானே நான்? கயிறு இருக்கிறது என்று பண்ணைக்காரர் கண்ணில் பட்டால் போதும் என்பதுதான் என் கணக்கு.

கூட்டாளி பார்த்துவிட்டாள். "அண்ணை, கயித்தை உங்கட உடுப்பிலை கொழுவுங்கோ. வண்டியையே வண்டியோட கட்டி வைச்சா அது என்னத்துக்கு?"

"அட, நீங்க வேறம்மா. நான் விழுந்தாத்தான?" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் நாலு சுற்று இருக்கிறதே, அடேயப்பா! லீவரைத் தொட்டதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. வளைவுகளில் பனி ஆள் உயரத்துக்குத் தெறித்தது. இறங்கி வந்தபோது தரையில் கால் பாவவில்லை. பிளாஸ்கில் டீயும் டப்பாவில் பொடி இட்லியும் கொண்டுவந்திருந்தோம். அரைமணி நேரம் சாப்பிட்டுக்கொண்டே நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வண்டி நிழலில் நின்றது. கைப்பிடியில் இருக்கும் ஹீட்டரின் சூட்டில் உருகியிருந்த பனித்தண்ணீர் லீவருக்குள்ளும் கேபிளுக்குள்ளும் இறங்கி, அந்த அரைமணி நேரத்தில் மெதுவாக உறைந்துகொண்டிருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

பார்வையாளர்கள் மேட்டின் மேல்தான் நிற்கவேண்டும். ஆனால் எனக்கு வீடியோ வேண்டியிருந்தது. இறக்கம் முடிகிற வளைவில், வேலியோரம் உள்பக்கமாக நிற்கச் சொல்லி மனைவியை அனுப்பினேன். "அங்கிருந்துதான் படம் நல்லா வரும்" என்று கை காட்டியவனும் நான்தான். கிளம்பும் நேரத்தில் கூட்டாளி வந்து வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பார்த்தாள். பிறகு என் முதுகில் ஒரு தட்டு தட்டி, "கவனமாப் போட்டு வாங்கோ" என்றாள்.

கிளம்பியதும் வண்டியில் ஒரு குலுக்கல் இருந்தது, அவ்வளவுதான். ஏற்றத்தில் லீவரை முழுக்க அழுத்தினேன். உச்சியைத் தாண்டியதும் விரலை எடுத்தேன். இன்ஜின் சத்தம் குறையவில்லை.

விரலை எடுத்துவிட்டேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்து குனிந்து பார்த்தேன். எடுத்துத்தான் இருந்தது. லீவர் மட்டும் உள்ளேயே அமுங்கிக் கிடந்தது. வண்டி இறக்கத்தில் அலறிக்கொண்டு பாய்ந்தது. கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில் இன்ஜினை நிறுத்தும் பொத்தான் இருந்தது; அது என் ஞாபகத்துக்கே வரவில்லை. லீவரைப் பிடுங்கினேன், பிரேக்கை நெரித்தேன், என்னென்னவோ கத்தினேன். நேர் எதிரே, கீழே, மனைவியின் நீல நிற ஜாக்கெட் தெரிந்தது. பாதையில் ஒரு மேடு வந்தது. அடுத்த நொடி நான் வண்டியில் இல்லை.

பனிக்குள் முகம் குப்புற விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் என்னென்ன நினைத்தேன் என்று இன்றைக்கும் எழுத வரவில்லை. ஆளில்லாத வண்டி அவளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. "ஓடு, ஓடு" என்று கத்தினேன். அவள் ஓடவில்லை. போனைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

அப்போதுதான் காதில் உறைத்தது, சத்தமே இல்லை. வண்டி வெறும் வேகத்தில் சறுக்கிப்போய், திரும்பி, வேலியில் இடித்து நின்றது. ஓடினேன், விழுந்தேன், மறுபடி ஓடினேன். அவள் பூட்சுக்கும் சறுக்குக் கட்டைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம்.

"ஏங்க, உங்களுக்கு அடிபட்டிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள். நான் அப்படியே பனியில் உட்கார்ந்து, "மீனாட்சி, தாயே" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டேன். சிறுபிள்ளை மாதிரி அழுதேன்.

கூட்டாளி மூச்சிரைக்க ஓடிவந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். என் ஜாக்கெட் பெல்ட்டில் அந்தச் சிவப்புச் சுருள் கயிறு மாட்டியிருந்தது. அதன் நுனியில் சுவிட்சின் மூடி தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் கொழுவினனான்" என்றாள். "சொன்னா நீங்கள் கேக்கமாட்டியள் எண்டு தெரியும். அதாலைதான் குனிஞ்சு நிண்டு, சொல்லாமல் கொழுவினன்."

கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பண்ணைக்காரர் வந்தார். எங்கள் மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். வண்டிச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டாளி லீவரைக் கழற்றி, உள்ளே இறுகியிருந்த பனிக்கட்டியைச் சுரண்டி எடுத்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள். "ஐஸ் இறுகுறது சரி. ஆனா அப்பிடி இறுகினா வண்டி தானாவே நிக்கோணுமே. ஏன் நிக்கேல்லை?"

சென்சார் கெட்டிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. மனைவி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் அதை அணைச்சு வச்சேன்" என்றேன்.

"எப்ப?" என்றாள் மனைவி.

"நவம்பர்ல."

"அப்ப பொங்கலுக்கு லீவு போட்டப்ப நான் உங்க பின்னாடி உக்காந்து வந்தேனே, அன்னைக்கும் இல்லியா?"

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. "இல்ல" என்றேன். கூட்டாளி கையிலிருந்த ஸ்பேனரைப் பனியில் எறிந்துவிட்டு, "என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள் அண்ணை!" என்று கத்தினாள். அவள் கத்தியது எனக்கு ஆறுதலாக இருந்தது. மனைவி கார்ச் சாவிக்காகக் கையை நீட்டினாள்; அதைத்தான் தாங்கமுடியவில்லை.

திரும்பும் வழியில் பாதி தூரத்தில், மனைவி சாலையைப் பார்த்தபடி திடீரென்று கேட்டாள். "நான் ஏன் நகரலன்னு தெரியுமா? நீங்க கீழ விழுந்ததப் பாத்தேன். வண்டி வர்றதயும் பாத்தேன். தானா நின்னுடும்னு நீங்கதான செஞ்சு காட்டினீங்க. நின்னுடும்னு நின்னேன்."



மறுவாரம் அந்தச் சோதனை ஏன் பொய் சொன்னது என்று கூட்டாளி தேடினாள். ஒரு வயரின் முனை சரியாக உட்காரவில்லை. அழுத்திவிட்டாள், பத்து நிமிட வேலை. நான் மன்னிப்புக் கேட்டேன். "இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ, அது காணும்" என்றாள். திங்கட்கிழமை ஆபீசில் என் பழைய புரோகிராம்களைத் திறந்தேன். 'தற்காலிகம்', 'அப்புறம் பார்க்கவும்' என்று என் கையாலேயே அணைத்துவைத்த வரிகள் பக்கம் பக்கமாகக் கிடந்தன. மேனேஜர் முறைத்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொன்றாக மறுபடி இயங்கவைக்க உட்கார்ந்தேன்.

அந்த வீடியோ இன்னும் மனைவியின் போனில் இருக்கிறது. நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். வண்டி நேரே பெரிதாகிக்கொண்டே வருகிறது, படம் கொஞ்சம்கூட ஆடவில்லை. இப்போதும் ஏதாவது ஒரு எச்சரிக்கையை அணைக்க என் விரல் போகும்போதெல்லாம், என் பேச்சை நம்பி அசையாமல் நின்ற அந்தக் கை ஞாபகத்துக்கு வருகிறது, விரல் அங்கேயே நின்றுவிடுகிறது.