டவுன் பஸ்ஸில் எழுந்து நிற்பது

எழுந்திரு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன். ஏனென்றால், "பெத்தவங்க சரியா சொல்லித் தரல" என்று பிற்பாடு ஊரில் சிலர் பேசினார்கள். சொல்லித் தர வேண்டிய தேவையே இருக்கவில்லை. பார்த்தாலே வந்துவிடும்.

எழுபதுகளில் அடி அண்ணாமலையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் டவுன் பஸ்ஸில் நாங்கள் முதல் நிறுத்தத்தில் ஏறுவோம். நிலக்காரர் அடுத்ததில் ஏறுவார். அவருடைய இரண்டு ஏக்கரில்தான் நைனா வாரத்துக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டார். விளைந்ததில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

பஸ் வேகம் குறையும்போதே நைனாவின் தோளிலிருந்த துண்டு கக்கத்துக்குப் போகும். பிறகு வலது கை முன் சீட்டின் கம்பியைப் பிடிக்கும். படியில் வெள்ளை வேட்டி தெரியும்போது அவர் நின்றுகொண்டிருப்பார். பெண்கள் பக்கத்தில் அம்மாவும் எழுந்துவிடுவாள், அங்கே அவர் வந்து உட்காரப்போவதில்லை என்று தெரிந்தும். எனக்கு அப்போது ஆறு வயது. என்னிடம் துண்டு இல்லை. பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். நிலக்காரர் யாரையும் பார்க்காமல் எங்கள் இடத்தில் ஜன்னலோரமாக உட்காருவார்.

வீட்டில் நானும் தங்கையும் தெருப் பிள்ளைகளும் மணைப்பலகைகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாடுவோம். ஒருவர் டிரைவர், ஒருவர் கண்டக்டர், ஒருவர் நிலக்காரர். யார் நிலக்காரர் என்பதில்தான் எப்போதும் சண்டை. எழுந்திருக்க மாட்டேன் என்று ஒருத்தரும் சண்டை போட்டதில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது, ஒரு காலையில், அந்த நிறுத்தத்தில் பளிச்சென்று வெள்ளை வேட்டி ஏறியது. நைனா எழுந்தார். நானும் எழுந்தேன். ஏறியவர் நிலக்காரர் இல்லை. யாரோ வெளியூர்க்காரர், கையில் விதை கம்பெனிப் பை.

"எறங்கப் போறீங்களா?" என்று நைனாவைக் கேட்டார்.

"இல்லீங்க. நீங்க குந்துங்க."

"எனக்கு எதுக்குங்க? அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன். நீங்க குந்துங்க."

"பரவால்லீங்க."

கண்டக்டர் பின்னாலிருந்து, "யோவ், யாராச்சும் ஒருத்தர் குந்துங்கய்யா. சீட்டு இன்னா சாமிக்கு நேர்ந்துவுட்டதா?" என்றார். பஸ் சிரித்தது. எழுந்தபின் மறுபடி உட்கார நைனாவுக்குத் தெரியவில்லை. வெளியூர்க்காரர் இறங்கிப் போன பிறகும் டவுன் வரை அந்த இருக்கை காலியாகவே போனது. நாங்கள் இத்தனை வருடம் எழுந்து நின்றது சலவை செய்த துணிக்கு என்பது எனக்கு அன்று தெரிந்தது.

நான்கு நாள் கழித்து நிலக்காரரே ஏறினார். துண்டு கக்கத்துக்குப் போனது, கை கம்பிக்குப் போனது, நைனா எழுந்தார். என் தொடைகள் தாமாகவே எழும்பின. இருக்கைக்கு அடியிலிருந்த இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

முதல் தடவையாக நிலக்காரர் என்னைப் பார்த்தார்.

"உம் பொண்ணா?"

"ஆமாங்க," என்றார் நைனா.

"கால்ல ஏதாச்சும் அடியா?"

நைனா வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"காலு நல்லாத்தாங்க இருக்குது," என்றேன்.

அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுன் வரை நின்றார். நைனாவும் நின்றார். இடையில் அரை இருக்கை காலி.

"நெலத்தப் புடுங்கிக்கினா இன்னாடி துன்னுவ?" என்று அம்மா அன்று சாயங்காலம் கேட்டாள். அவள் பயந்தது சரிதான். மல்லாட்டை பிடுங்கி முடிந்ததும் நிலக்காரருடைய ஆள் வந்து சொன்னான்: அடுத்த பட்டத்துக்கு நிலம் வேறு ஆளுக்கு. அதுவரை வயலில் வேலை இல்லாத மாதங்களில் மட்டும் டவுன் மண்டிக்கு மூட்டை தூக்கப் போன நைனா, அதற்குப் பிறகு தினமும் போனார்.

என் திமிரால்தான் நிலம் போனது என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். பின்னாளில் நான் வேலை பார்த்த பத்திரிகையில், செய்தவர் யார் என்பதை முதல் வரியில் வை என்பார்கள். வைக்கிறேன். நிலத்தை எடுத்துக்கொண்டவர் நிலக்காரர். நான் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இதற்கு நான் அப்போதும் வருத்தப்படவில்லை, இப்போதும் படவில்லை.

அடுத்த ஆடியில் தங்கையும் டவுன் பள்ளியில் சேர்ந்திருந்தாள். மூன்று பேர் இருக்கையில் அவள் ஜன்னலோரம், நான் நடுவில், நைனா ஓரத்தில். இரண்டாவது நிறுத்தத்தில் வெள்ளை வேட்டி ஏறியது. நைனாவின் துண்டு கக்கத்துக்குப் போனது. இழக்க நிலம் எதுவும் மிச்சமில்லை, ஆனாலும் போனது. கை கம்பியைப் பிடித்தது.

தங்கை என் கைகளைப் பார்த்தாள். நான் இரும்பைப் பிடித்திருந்தேன். அவளும் குனிந்து இருக்கைக்கு அடியில் தேடி அதைப் பிடித்துக்கொண்டாள்.

நைனா எங்கள் இருவரையும் பார்த்தார். பாதி எழுந்திருந்தவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

கண்டக்டர் வந்தபோது, உட்கார்ந்தபடியே, "டவுனுக்கு மூணு," என்றார்.