அத்தானுக்குத் தேடிய பாட்டுகள்

ஒரு பாட்டைக் கேட்பதற்கு முன் அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "கண் முழிச்சிருந்தா காது நித்திரையாப் போயிடும், பிள்ளை" என்பார். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் அவருடைய வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை முடிந்து நான் அங்கே போவேன். அவர் மீன்குழம்பு வைத்திருப்பார். சாப்பிட்ட பிறகு என் தொலைபேசியை உப்புப் போத்தலில் சாய்த்து வைத்துப் பாட்டைப் போடுவேன். பாட்டுப் பிடிக்காவிட்டால் அவர் எதுவும் சொல்லமாட்டார். கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொள்வார். ஐந்து வருடங்களில் நான் கொண்டுபோன பாட்டுகளில் முக்கால்வாசி, பல்லவியைத் தாண்டுவதற்கு முன்னரே கண்ணாடி மாட்டப்பட்டு முடிந்துபோனவை.

அவர் என் அக்காவின் கணவர். மன்னாரில் பிறந்தவர். கனடாவுக்கு வந்து இரண்டு வருடங்களில் பெரிய ட்ரக் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து, ரொறன்ரோவிலிருந்து கல்கரி வரைக்கும் இருபது வருடங்களுக்கு மேல் ஓட்டினார். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் எல்லோரும் சினிமாப் பாட்டுக்கு ஆடும்போது, அவர் மட்டும் மூலையில் இருந்து அமெரிக்கக் கன்ட்ரி பாட்டுகளை முணுமுணுப்பார். "கவ்போய்" என்று அவரைப் பகிடி பண்ணுவார்கள். அவருக்கு அது பிடிக்கும். முதல் குளிர்காலத்தில், சமவெளியில், வேறெந்த வானொலியும் எடுக்காத இடத்தில் அந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்ததாகச் சொல்வார். ஸ்டீல் கிற்றாரில் இரும்புத் துண்டை நரம்பின்மேல் வழுக்கி இழுக்கும்போது வரும் அந்த ஓலம், பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில் பெண்கள் யேசுவின் பாடுகளைச் சொல்லிப் பசாம் படிக்கும் ராகம் போலிருந்ததாம். "வேற பாட்டெல்லாம் துக்கத்துக்குச் சட்டை போட்டு அனுப்பும். இது ஒளிக்காமச் சொல்லும்" என்பார்.

அக்கா வேலை செய்த தொழிற்சாலையை மூடியபோது அவர்களுடைய ஒரே மகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டிருந்தான். வீட்டில் தனியே இருந்து என்ன செய்வது என்று அக்காவும் ட்ரக்கில் ஏறிவிட்டாள். ஒரு குளிர்பெட்டியில் சோறும் கறியும், முன்கண்ணாடியில் தொங்கும் செபமாலை, பக்கத்து இருக்கையில் அக்கா. அந்தப் பாட்டுகளின் ஆங்கிலம் முழுதாக விளங்கியதோ இல்லையோ, அத்தானுடைய குரலுக்குக் கீழே இரண்டாம் குரல் பிடிக்க அவளுக்குத் தெரியும். நான் ஒருமுறை வினிப்பெக் வரைக்கும் அவர்களோடு போனேன். ட்ரக்கின் இருக்கைகளுக்குப் பின்னால் இருந்த கட்டிலில் சாய்ந்தபடி அவர்கள் இருவரும் பாடுவதைக் கேட்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருடமானவர்கள் ஒருவரோடொருவர் இவ்வளவு சந்தோசமாக இருக்க முடியுமா என்று எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

அப்படி ஒரு பயணத்தில்தான் அக்கா இறந்தாள். சுப்பீரியர் ஏரியின் வடகரையில், ஒரு பிற்பகல். சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு அத்தான் ட்ரக்கோடு போய் நின்றார். மாரடைப்பு என்று எல்லோருக்கும் சொன்னோம். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அந்த வருடத்தோடு அத்தான் ட்ரக்கை விட்டார். ஸ்காபரோவில் ஒரு களஞ்சியத்தில் பகல் வேலை எடுத்துக்கொண்டார்.

அந்த வீடு அதன்பின் சத்தமில்லாமல் இருந்தது. இரண்டு வருடங்கள் கழித்து ஒரு ஞாயிறு, "இப்ப பாட்டே கேக்கிறேல்லையோ அத்தான்?" என்று கேட்டேன்.

"பழசு வேண்டாம், பிள்ளை" என்றார். தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் சொன்னார்: "எல்லாத்திலையும் அவள் இருக்கிறாள். ஆனா பாட்டில்லாமலும் இருக்கேலாமக் கிடக்கு. இப்ப உயிரோட இருக்கிற ஆக்கள், அவள் கேளாத பாட்டு, பழைய மாதிரிப் பாடியிருந்தா ஒண்டு ரெண்டு தேடிக் கொண்டு வா."

நான் இருப்பது விட்பியில். வேலை ரொறன்ரோ நகரின் நடுவில். தினமும் ரயிலில் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். காதுக்குள் பாட்டைச் செருகிக்கொண்டு தேடத் தொடங்கினேன். ஒரு வாரத்தில் பத்துப் பாட்டாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். கன்ட்ரி என்று பெயர் போட்டு வந்தவை எல்லாம் வேறு எதுவோவாக இருந்தன. மெஷினில் அடித்த மேளம், பியர், புது பிக்கப், குட்டைக் காற்சட்டை போட்ட பெட்டை. குரலின் ஒரு கீறல்கூட மிச்சமில்லாமல் கம்பியூட்டரால் தேய்த்து மினுக்கியிருந்தார்கள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

பிறகு வேறொரு வகையைக் கண்டுபிடித்தேன். பழைய தொப்பி, பழைய மீசை, பழைய ஒலித்தட்டுப் போல வேண்டுமென்றே சேர்த்த கரகரப்பு. இது பிடிக்கும் என்று நம்பிக்கையோடு போனேன். அத்தான் அரைப்பாட்டு வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். "உவன் கண்ணாடிக்கு முன்னால நிண்டு பாடுறான். சப்பாத்தில இருக்கிற தூசியும் கடையில வாங்கினது" என்றார். நான் அந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டேன். அவர் சொன்ன பிறகு எனக்கும் அது கேட்டது. அப்படித்தான் என் காதும் மெல்லமெல்லத் திறந்தது.

எப்படித் தேடுவது என்றும் அவரே சொன்னார். "பாடுற ஆளைத் தேடாத. பிடில் வாசிக்கிற ஆள் ஆர், ஸ்டீல் வாசிக்கிற ஆள் ஆர் எண்டு பார். அவை பொய்யான பாட்டுக்கு வாசிக்கமாட்டினம்." பாட்டின் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வாத்தியக்காரர்களின் பெயர்களைப் பார்த்து, அந்தப் பெயர் வேறெங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன். ஒரு பிடில்காரர் என்னை ஒரு பாடகரிடம் கொண்டுபோய் விட்டார், அந்தப் பாடகர் இன்னொருவரிடம். எல்லோரையும் ஒரே அறையில் ஒன்றாக இருத்தி, பிழை வந்தாலும் வெட்டாமல் பதிவு செய்கிறவர்கள் இன்னமும் இருந்தார்கள். பெரும்பாலும் சின்ன ஊர்க்காரர்கள், பகலில் வேறு வேலை செய்கிறவர்கள். அத்தானின் கண்ணாடி மேசையிலேயே இருந்த ஞாயிறுகள் வரத் தொடங்கின. நல்ல பாட்டொன்றைப் பிடித்துவிட்டால் எனக்கு அந்த வாரம் முழுக்கக் கால் நிலத்தில் பாவாது. அக்கா போன பிறகு எனக்குள்ளும் இருந்த வெறுமையை அந்தத் தேடல்தான் நிரப்பிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன வருடம் வசந்தத்தில் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். சஸ்கச்சுவானில் ஒரு தானியப் பண்ணையில் பிறந்தவள், முப்பது வயதிருக்கும். இறந்துபோன தகப்பனுடைய பழைய பிக்கப்பை விற்கிற ஒரு மகளைப் பற்றிய பாட்டு அது. வாங்கியவன் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறான். இருக்கையை அப்பாவின் உயரத்துக்கு ஏற்ற மாதிரி விட்டிருந்தேனே, அதை இப்போது அவன் மாற்றியிருப்பானே என்று அவள் வாசலில் நின்று நினைக்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. அத்தான் முழுதாகக் கேட்டார். பிறகு இன்னொருமுறை போடச் சொன்னார். மூன்றாம் தரம் போட்டபோது அவருடைய வாய் மெதுவாக அசைந்தது. அக்காவின் இரண்டாம் குரல் வந்திருக்க வேண்டிய இடத்தில் அவர் நிறுத்திக்கொண்டதை நான் கவனித்தேன்.

ஒக்டோபரில் அந்தப் பெண் ரொறன்ரோவுக்கு வந்தாள். மேற்குப் பக்கம், குயின் வீதியில் ஒரு சின்ன மதுச்சாலையில், ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்குப் பாடுவதாக இருந்தது. அத்தானைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சலவை செய்த சட்டை போட்டு, ஒரு கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வந்தார். அங்கே நாற்பது பேர் வரை இருந்திருப்பார்கள், எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர். ஒருவரும் எங்களை ஒருமாதிரிப் பார்க்கவில்லை. அத்தான் இஞ்சிச் சோடா வாங்கிக்கொண்டு முன்மேசையில் இருந்தார். அவர் முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் பல வருடங்களாகப் பார்த்ததில்லை.

கடைசியில் யாரோ பின்னாலிருந்து ஒரு பழைய பாட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள். ஸ்டீல் கிற்றார் முதல் இழுப்பை இழுத்ததும் அத்தானின் இரண்டு கைகளும் மேசையில் விரிந்து படிந்தன. பாட்டு முடியும்வரை அவை அசையவில்லை. அக்காவை நினைக்கிறார் என்று நினைத்தேன். எனக்கும் கண் கலங்கியது.

வெளியே வந்து காரை நிறுத்திய இடத்துக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்றார்.

"அண்டைக்குப் போனது உந்தப் பாட்டுத்தான், பிள்ளை."

"எண்டைக்கு?"

"உன்ர அக்கா, நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரிக் கிடக்கு, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ எண்டவள். நான் வழமை மாதிரிக் கால் நீட்டத்தான் கேக்கிறாள் எண்டு நினைச்சன். இந்தப் பாட்டு முடியட்டும், நிப்பாட்டுறன் எண்டன். சரி எண்டவள். அவளும் கொஞ்சம் பாடினவள். முடிஞ்ச பிறகு திரும்பிப் பாத்தன்."

அவர் அழவில்லை. வீதிக்கு அப்பால் ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏழு வருடங்களாக ஒருவரிடமும் சொல்லவில்லை என்றார். மகனிடமும் இல்லை, கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் இல்லை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கா இறந்த அன்று அந்த ஆஸ்பத்திரியிலிருந்து மருத்துவர் என்னோடு தொலைபேசியில் பேசியிருந்தார். அத்தானுக்குப் பேச முடியாமலிருந்தது, அதனால் என் இலக்கத்தைக் கொடுத்திருந்தார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்று அந்த மருத்துவர் விளக்கினார். சில நிமிடங்கள் முந்தி வந்திருந்தாலும் பயனிருந்திராது, இது ஆஸ்பத்திரி வாசலிலேயே நடந்திருந்தாலும் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். நான் அத்தானுக்கும் சேர்த்து எல்லோருக்கும் சுருக்கமாக மாரடைப்பு என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிடங்களை ஒரு மனிதர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஆனால் குயின் வீதியில் நின்றபோது தெரிந்துவிட்டது. மருத்துவரின் அந்த வசனம் என் நாக்கின் நுனியில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் அக்கா "நிப்பாட்டுங்கோ" என்று கேட்டதும், அவர் "பாட்டு முடியட்டும்" என்றதும்தான். அவள் எப்போதும் அப்படித்தான், இரண்டாம் முறை கேட்கமாட்டாள். எனக்கு அத்தானைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவர் சுமக்கட்டும், கொஞ்ச நாளாவது சுமக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

டோர்செட் பார்க் வரைக்கும் காரை ஓட்டினேன். இறங்கும்போது "வாறன், பிள்ளை" என்றார். "ஓம்" என்றேன்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. பனி கொட்டத் தொடங்கியது, விட்பியிலிருந்து தூரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இரண்டு தரம் அழைத்தார், நான் எடுக்கவில்லை. பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "புதுசா ஒண்டும் கிடைக்கேல்லையோ?" உண்மையில் அந்த வாரங்களில் இரண்டு நல்ல பாட்டுகள் கிடைத்திருந்தன. நான் பதில் போடவில்லை. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை வருவதற்குள் கோபம் போய்விட்டது. அதன்பிறகு மிஞ்சியது, இவ்வளவு நாள் போகாமல் இருந்துவிட்டு எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம் மட்டும்தான். அந்தக் கூச்சத்துக்காக இன்னும் சில கிழமைகள் போயின.

ஜனவரியில் ஒரு காலை அவர் வேலைக்கு வரவில்லை என்று களஞ்சியத்திலிருந்து மகனுக்கு அழைத்தார்கள். மகன் போய்த் திறந்து பார்த்தான். நித்திரையிலேயே போயிருந்தார். அறுபத்தைந்து வயது.

அடக்கம் முடிந்து இரண்டு கிழமைகளின் பின் வீட்டைக் காலி பண்ண மகனுக்கு உதவியாகப் போனேன். அவன் இப்போது மோர்னிங்சைடில் இருக்கிறான், மின்சார வேலை செய்கிறான். கனடாவில் பிறந்த பிள்ளை. சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னான்: "அப்பா திரும்பவும் அந்தப் பழைய பாட்டெல்லாம் கேக்கத் தொடங்கினவர், சித்தி. நான் வாற நேரமெல்லாம் போய்க்கொண்டிருக்கும். ஐ தோட் ஹி வாஸ் ஃபைனலி கெட்டிங் பெட்டர்."

"எப்பேலயிருந்து?"

"ஒக்டோபர், நவம்பர் மட்டில."

நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். சொல்லிவிட்டதால் அவருக்குப் பாரம் குறைந்து கேட்கத் தொடங்கினாரா, அல்லது நான் போகாமல் விட்டதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு தன்னைத் தண்டிக்கக் கேட்டாரா? அதைச் சொல்ல இனி ஒருவரும் இல்லை.

மகனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பின்னேரம் வீதியில் அவனுடைய அப்பா சொன்னதைச் சொன்னேன். பிறகு மருத்துவர் என்னிடம் சொன்னதை, ஆங்கிலத்தில் அவர் சொன்ன அதே சொற்களில் சொன்னேன். அவன் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இது அப்பாவுக்குத் தெரியுமோ, சித்தி?"

"இல்லை."

"நீங்க சொல்லேல்லையோ?"

"இல்லை, ராசா. சொல்லேல்லை."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு "ஓகே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த சட்டையை எடுத்துக் கைகளை உள்ளே மடித்தான்.