நான் கொடுக்காத கட்டளை

சொன்னால் சிரிப்பீர்கள். பேய், ஆவி என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். விமானக் கட்டுப்பாட்டாளர் வேலை. பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சரி குறித்தால்தான் எனக்கு எதுவும் உண்மை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு சிறிய விமானத்தளம். அன்று கூட வேலை செய்பவர் லீவு. காலையிலிருந்து கோபுரத்தில் நான் தனியே, கண்ணாடிக்கு வெளியே வாவியும் வெயிலும். பேச்சுத்துணை என்றால், ஓடுபாதையைப் பார்த்துக்கொள்ளும் காத்தான்குடி நசீர் நானாவின் குரல் மட்டும்தான், அதுவும் வாக்கிடோக்கியில்.

“புள்ள, மாடு மறுகாவும் ஓடுபாதையில ஏறிட்டு. ஜீப்பக் கொண்டு போறன்.”

“ஓம் நானா, போங்க.”

“மாட்டுக்கும் ஒரு பெர்மிஷன் குடுத்திருங்க, கரச்சல் முடிஞ்சிரும்!”

சிரித்தேன். ஓடுபாதையில் வாகனம் இருந்தால், மறந்துபோய் யாருக்கும் அனுமதி கொடுத்துவிடாமலிருக்க மைக்கின் கழுத்தில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். அவர் முதல் தடவை போனபோது மாட்டினேன், வந்ததும் கழற்றினேன். இந்தத் தடவை மாட்ட மறந்துவிட்டேன்.

சற்று நேரத்தில் பயிற்சி விமானம் ஒன்று வந்தது. ஓட்டியவர் பக்கத்துக் கிரான் ஊர்க்காரர், விமானத்தில் அவர் மட்டும். இறங்க அனுமதி கொடுத்தேன். நாங்கள் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், பிழையாகச் சொன்னால் நாங்கள் உடனே திருத்த வேண்டும், அதுதான் விதி. கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு, இறங்கவில்லை, மேலே எழுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிழை. திருத்துவதற்கு மைக்கை எடுத்துக்கொண்டே நிமிர்ந்தேன். ஓடுபாதையின் நடுவில் ஜீப். பக்கத்தில் நின்று மாட்டை விரட்டிக்கொண்டிருந்தார் நசீர் நானா. அவர் தலைக்கு மேலால் விமானம் எழும்பிப் போனது.

இரண்டாம் முறை பத்திரமாக இறங்கி, விமானி நேரே கோபுரத்துக்கு வந்தார்.

“நல்லகாலம் சொன்னீங்க மிஸ். வெயிலுக்குள்ள ஜீப் எனக்குத் தெரியவேயில்ல.”

“நான் இறங்கத்தானே சொன்னன்?”

“முதல்ல ஓம். மறுகா, இறங்காதீங்க எண்டு தமிழில சொன்னீங்களே. உங்கட குரல்தான்.”

ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். என் அனுமதி. பிறகு என் மைக் திறக்கும் சத்தம், நான்கு விநாடி வெறும் இரைச்சல். பிறகு அவர் பதில். அந்த நேரம் நான் ஒரு கையில் அடிமட்டமும் மறு கையில் பேனையுமாகப் பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோபுரத்தில் வேறு யாரும் இல்லை.

அட்டை மாட்டாததை நானே அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். அந்த நான்கு விநாடியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

போகும்போது விமானி படியில் நின்று திரும்பினார்.

“கேக்கிறன் எண்டு கோவிக்காதீங்க மிஸ். இறங்காதீங்க எண்டு சொல்லக்குள்ள ஏன் அப்பிடி அழுதீங்க?”

நான் அழவில்லை. அழுவதற்கு அன்று எதுவும் நடக்கவில்லை.