அண்ணியின் வலது கைக்கு மூன்று பித்தளை வளையல்கள்

போன சனிக்கிழமை, இரவு வேலைக்குப் போகும் அண்ணனுக்குப் பதிலாக, ஏழு மாதக் கர்ப்பிணியான அண்ணியை மேற்கு மாம்பலத்திலிருந்து அடையாறு மருத்துவரிடமும், திரும்பும் வழியில் தி. நகர் வளையல் கடைக்கும் அழைத்துப் போனேன். அழைத்துப் போனேன் என்பது பேச்சுக்கு. திட்டம் முழுக்க அவருடையது. அண்ணிக்கு ஆறு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். அதோடு பிள்ளை சுமப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம்.

காலை 7.40க்கு ஆட்டோ. சைதாப்பேட்டை வழியாக ஏழு கிலோமீட்டர், 190 ரூபாய். வெயில் ஏறினால் அவருக்குக் கால் துவளும், பார்வை மங்கும். அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். பையில் ஈரத்துண்டு, வழியில் எங்கெங்கே சுத்தமான கழிவறை என்ற பட்டியல். ராணுவம்கூட இப்படிக் கிளம்பாது. "ஒண்ணும் அவசரமில்லம்மா, மெதுவாவே போய்க்கினு இருப்போம்" என்று டிரைவர் பள்ளம் பார்த்து ஓட்டினார்.

மருத்துவர் சொன்னதில் பாதி நிம்மதி. கர்ப்ப காலத்தில், முக்கியமாகக் கடைசி மாதங்களில், பலருக்கு இந்த நோய் அடங்கியிருக்குமாம். பிரசவத்துக்குப் பிறகு முதல் சில மாதங்களில்தான் மறுபடி தலைதூக்கக்கூடும். நான் விரல்விட்டு மாதங்களை எண்ணினேன். அண்ணியோ, கர்ப்பத்துக்காக நிறுத்திய மருந்தை மீண்டும் எப்போது தொடங்கலாம் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அடுத்து நடந்த தவறு என்னுடையது. டிபன், காபி என்று நான் இழுத்ததில், வளைகாப்பு வளையல் வாங்கத் தி. நகர் சேர்ந்தபோது மணி பதினொன்றே கால். நூறடி நடப்பதற்குள் அவருடைய வலது கை மரத்துவிட்டது. கடைக்காரர் பாய் அவரை உட்காரவைத்து, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, அளவு பார்க்கக் கண்ணாடி வளையல்களை மாட்டினார். அண்ணி வேறு பக்கம் பார்த்தபடி கையை ஆட்டினார். மறுபடியும் ஆட்டினார்.

"பாக்காமலே கை எங்க இருக்குன்னு தெரியுது. சத்தம் சொல்லுது" என்றார்.

மரத்த கையைக் கண்ணால் பார்த்தால்தான் அது இருக்குமிடம் அவருக்குத் தெரியுமாம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது. வெட்கமாக இருந்தது.

பிரசவத்தின்போது வளையல்களைக் கழற்றிவிடுவார்களே என்றார் பாய். அண்ணி யோசிக்கவே இல்லை. பிறகு போட்டுக்கொள்ள, உடையாத பித்தளை வளையல் மூன்று கேட்டார்.

இப்படிக் கிளம்புகிறவர்கள் மருத்துவரையும் கடையையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். கடைக்கு மாலை ஐந்துக்கு மேல் போங்கள். எங்களைப் போல உச்சிவெயிலில், 90 ரூபாய் ஆட்டோவில் வாடி வதங்கித் திரும்ப வேண்டாம்.

அந்த ஆட்டோவில்தான் அண்ணி பித்தளை வளையல்களைக் குலுக்கிக் காட்டினார். "புள்ளைய வச்சிருக்கறப்ப கை நழுவினா இது சத்தம் போடும். கேட்டதும் நீ ஓடி வரணும்."

என் அறை பக்கத்து அறைதான். இனி கதவைச் சாத்திக்கொண்டு தூங்க மாட்டேன் என்றேன்.